சின்ன ஐஎஸ்பியின் சர்வருக்கு எந்த ஓஎஸ்?

இரண்டாயிரம், மூவாயிரம் இணைப்பு வைத்திருக்கும் சி பிரிவு உரிமக்காரருக்கு, அதாவது சின்னப் பகுதிக்கு மட்டும் உரிமம் பெற்ற இணையச் சேவை நிறுவனத்துக்கு (ஐஎஸ்பி), சர்வர் என்றால் நாலைந்து வேலைதான். இணையப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் ரிசால்வர் இரண்டு, வாடிக்கையாளர் லாகினைச் சரிபார்த்துக் கணக்கு வைக்கும் ஃப்ரீரேடியஸும் அதன் பின்னால் ஒரு டேட்டாபேஸும், எந்தப் பொது ஐபியை எந்த வாடிக்கையாளர் எப்போது பயன்படுத்தினார் என்ற நாட் லாக் சேமிக்க ஒரு பெட்டி (சர்வர்), கண்காணிப்புக்கு லிப்ரேஎன்எம்எஸ் அல்லது ஜாபிக்ஸ். பிபிபிஓஇ (வாடிக்கையாளரின் லாகின் இணைப்பு), சிஜிநாட் (ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிர்வது) இரண்டும் ரூட்டரின் பொறுப்பு, அதை இங்கே தொடவில்லை. இந்த நாலைந்து வேலைக்கு லினக்ஸ் போட்டாலும் யுனிக்ஸ் வழி வந்த பிஎஸ்டி போட்டாலும் வேகத்தில் வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது. நான் பார்ப்பது இரண்டே விஷயம்: பாதுகாப்பு பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) எத்தனை வருடம் வரும், ராத்திரி இரண்டு மணிக்கு டூட்டியில் இருப்பவர் யாரையும் எழுப்பாமல் அதைச் சரிசெய்வாரா.

பேட்ச் விஷயத்தில், ரெட் ஹேட் லினக்ஸின் இலவச நகலான சென்ட்ஓஎஸ் தந்த பாடம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2029 வரை வரும் என்றிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31-ஓடு முடியும் என்று 2020 டிசம்பரில் ரெட் ஹேட் அறிவித்தது. பத்து வருடக் கணக்கில் போட்டவர்கள் கையில் மிஞ்சியது ஒரு வருடம். சென்ட்ஓஎஸ் 7-க்கும் 2024 ஜூன் 30-ஓடு பேட்ச் நின்றுவிட்டது. இன்னும் உங்கள் ரேக்கில் அது ஓடுகிறது என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்றுங்கள். 2024 பிப்ரவரியில் வெளியான கீட்ராப் என்ற ஓட்டை பைண்ட், அன்பவுண்ட், பவர்டிஎன்எஸ் என்ற மூன்று ரிசால்வர் மென்பொருளையும் பாதித்தது. டிஎன்எஸ் பதிலின் டிஜிட்டல் கையெழுத்தை (டிஎன்எஸ்செக்) சரிபார்க்கும் ரிசால்வரின் சிபியுவை ஒரே ஒரு பாக்கெட்டால் நெடுநேரம் முடக்கிப்போட அது போதும். பேட்ச் வராத ஓஎஸ்ஸில் ரிசால்வர் வைத்திருந்தால் அந்த மாதிரி நாளில் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது.

என் தேர்வு டெபியன் லினக்ஸ். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மூன்று வருடம் பாதுகாப்புக் குழுவின் பேட்ச், அதன்பின் இரண்டு வருடம் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு), ஆக ஐந்து வருடம். டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்டில். ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்ததற்குப் பெட்டியை அழிக்காமலே மேம்படுத்தலாம், ஆனால் நடுவில் ஒன்றைத் தாண்டக் கூடாது: 11-லிருந்து 12, அப்புறம் 13. நிறுவி முடித்ததும் தேவையில்லாத சர்வீஸ் எதுவும் ஓடாது, ஃபயர்வால் விதியும் காலியாகத்தான் இருக்கும். அந்தக் காலியிடம் ரிசால்வருக்கு எவ்வளவு நல்லது என்பது கீழே வருகிறது.

உபுண்டு எல்டிஎஸ்ஸும் மோசமில்லை. அதில் முதல் நாளே இடிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அதோடு வரும் டிஎன்எஸ் சர்வீஸான சிஸ்டம்டி-ரிசால்வ்டு, 127.0.0.53-இல் டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அன்பவுண்டை 0.0.0.0-இல், அதாவது எல்லா முகவரியிலும், கேட்கச் சொன்னால் முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று சொல்லி நின்றுவிடும். ரிசால்வ்டு கான்ஃபிகில் ஸ்டப் லிசனரை 'நோ' ஆக்கி, ரிசால்வ் கான்ஃப் இணைப்பையும் மாற்றினால் தீரும். கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஐந்து வருடம் என்ற இலவச வாக்குறுதி 'மெயின்' தொகுப்புக்குத்தான். 'யுனிவர்ஸ்' தொகுப்பிலிருந்து எடுத்தவற்றுக்கு முழு பேட்ச் வேண்டுமானால் உபுண்டு ப்ரோ சந்தா வேண்டும். நீங்கள் நம்பியிருக்கும் ஒவ்வொரு மென்பொருளும் எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து எழுதி வையுங்கள்.

ரெட் ஹேட் வழியில் வரும் இலவச லினக்ஸ்களான ஆல்மா, ராக்கி இரண்டுக்கும் பத்து வருட ஆதரவு, அது பெரிய பலம். ஆனால் செகண்ட் ஹேண்ட் சர்வர் வாங்குபவர்கள் சிபியுவைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ரெட் ஹேட் 10 வரிசைக்கு எக்ஸ்86-64-வி3 தேவை, அதாவது ஹாஸ்வெல் காலத்து ஏவிஎக்ஸ்2 இருக்க வேண்டும். டெல் ஆர்720 சர்வரில் வரும் இ5-2600 சிபியு, அதன் வி2 மாடல் இரண்டிலும் அது கிடையாது, ராக்கி 10 அதில் ஏறாது. ஆல்மா 10 மட்டும் பழைய எக்ஸ்86-64-வி2-க்கென்று தனிப் பதிப்பு தருகிறது. எந்த சர்வீஸ் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்ஈலினக்ஸையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். லாக் அடைவை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தியதும் சர்வீஸ் எழுத மறுத்தால் பலர் எஸ்ஈலினக்ஸையே அணைத்துவிடுகிறார்கள். புது அடைவுக்குச் சரியான லேபிள் கொடுத்து ரெஸ்டோர்கான் கட்டளையை ஓட்டினாலே போதும். விண்டோஸ் சர்வரின் லைசென்ஸ் கணக்கு குறைந்தது 16 கோருக்குத் தொடங்குகிறது, இந்த வேலைகளுக்கு அந்தச் செலவு தேவையே இல்லை.

ரிசால்வரில் அதிகம் சிக்கல் தருவது, ஒவ்வொரு இணைப்பையும் கர்னல் ஒரு அட்டவணையில் குறித்துவைக்கும் கனெக்‌ஷன் டிராக்கிங். ராத்திரி எட்டு மணிக்கு மேல் 'நெட் ஸ்லோ' என்று போன் வரும். பேண்ட்வித் பாதிதான் ஓடும், சிபியு சும்மா இருக்கும், பிங் சுத்தமாக வரும், ஆனால் பக்கம் திறக்க ஐந்து நொடி ஆகும். கர்னல் லாகைத் திறந்தால் என்எஃப் கான்ட்ராக், டேபிள் நிறைந்துவிட்டது, பாக்கெட்டைக் கைவிடுகிறேன் என்று வரி வரியாக ஓடும். காரணம் எளிய கணக்கு. ஃபயர்வாலில் 'ஸ்டேட்' பார்க்கும் விதி ஒன்று இருந்தாலே ஒவ்வொரு டிஎன்எஸ் கேள்வியும் அட்டவணையில் 30 நொடி இடம் பிடிக்கும். வழக்கமான எல்லை 262144. அதை 30-ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 8,700 கேள்வி. ரிசால்வர் வெளியே அனுப்பும் கேள்விகளும் அதே அட்டவணையில்தான் உட்காரும். வைரஸ் ஏறிய வீட்டு ரூட்டர்கள் சில கண்டபடி பெயர் கேட்க ஆரம்பித்தால் சின்ன நெட்வொர்க்கிலும் அந்த எண் நிரம்பிவிடும். எல்லையைக் கூட்டுவது தற்காலிக வைத்தியம். 53-ஆம் போர்ட்டுக்கு வருவது, போவது இரண்டுக்கும் லினக்ஸ் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸின் ரா கட்டத்தில் 'நோட்ராக்' (குறித்துவைக்காதே) போடுங்கள். பதில் பாக்கெட்டுக்கும் போட மறக்கக் கூடாது, அவற்றை உள்ளே விடவும் தனி விதி எழுத வேண்டும். ஆல்மாவில் ஃபயர்வால்டு ஆரம்பத்திலேயே ஓடுவதால் டிராக்கிங்கும் கூடவே வந்துவிடும். டெபியனில் நீங்கள் விதி எழுதும்வரை வராது. பிஎஸ்டியின் ஃபயர்வாலான பிஎஃப்பிலும் இதே கதைதான், அங்கே வழக்கமான எல்லை ஒரு லட்சம் ஸ்டேட், விடை 'நோ ஸ்டேட்'.

கூடவே, வரும் டிஎன்எஸ் பாக்கெட்டுகள் காத்திருக்கும் யுடிபி பஃபரையும் பாருங்கள். டெபியன் 13-இல் வழக்கமான உச்சம் 212992 பைட். அன்பவுண்டில் எஸ்ஓ-ஆர்சிவிபஃப் 4 எம்பி என்று எழுதினால் மட்டும் போதாமல் போகலாம், கர்னலின் ஆர்மெம் மேக்ஸையும் ஏற்றிவிடுங்கள்.

ரேடியஸில் ஓஎஸ்ஸைவிட டிஸ்க்தான் காலை வாரும். 2,000 பேர், ஐந்து நிமிடத்துக்கு ஒரு இன்டரிம் அப்டேட் (இடைக்காலப் பயன்பாட்டுக் கணக்கு) என்றால் ஒரு நாளைக்கு டேட்டாபேஸில் 5,76,000 முறை எழுத வேண்டும், நொடிக்கு ஏழுகூட இல்லை. இதை எந்தப் பெட்டியும் தாங்கும். ஏரியாவில் கரண்ட் போய் வந்தால்தான் சோதனை. எல்லோரும் ஒரே நேரத்தில் லாகின் ஆவார்கள், சாதாரண எஸ்எஸ்டியில் டேட்டாபேஸின் ஒவ்வொரு கமிட்டும் (உறுதிசெய்த பதிவும்) டிஸ்க்கில் பதிய நேரமாகும், ரூட்டர் பொறுமையிழந்து அதே கேள்வியைத் திரும்ப அனுப்பும், வரிசை இன்னும் நீளும். ரூட்டரின் ரேடியஸ் டைம்அவுட்டை மூன்று நொடியாக்குங்கள், பவர்-லாஸ் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டி வாங்குங்கள். அது முடியாவிட்டால் மரியாடிபி டேட்டாபேஸில் இன்னோடிபி ஃப்ளஷ் லாக் மதிப்பை 2 ஆக்குங்கள். கரண்ட் போனால் கடைசி ஒரு நொடி அளவு பதிவு போகலாம்.

நாட் லாக் பெட்டிக்குத்தான் ஓஎஸ் உண்மையிலேயே முக்கியம். 2021 டிசம்பரில் திருத்திய உரிம விதிப்படி ஐபி விவரப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். மாதிரிக்கு, நொடிக்கு 2,000 புதிய செஷன், பதிவுக்கு 100 பைட் என்றால் நாளுக்கு 17 ஜிபி, இரண்டு வருடத்தில் சுமார் 12.6 டிபி. ரூட்டரில் வாடிக்கையாளருக்குப் போர்ட்டுகளை மொத்தமாக ஒரு பிளாக்காக ஒதுக்கினால் இது வெகுவாகக் குறையும். மிச்சத்துக்கு இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் இசட்எஸ்டிடி சுருக்கம் போட்டால் எழுத்து வடிவ லாக் பல மடங்கு சுருங்கும், செக்சம் இருப்பதால் டிஸ்க் சத்தமில்லாமல் கெட்டாலும் தெரிந்துவிடும்.

இங்கே டெபியனுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. அதில் இசட்எஃப்எஸ் கர்னலோடு வருவதில்லை, டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக அந்தந்தக் கர்னலுக்குக் கம்பைல் ஆக வேண்டும். கர்னல் ஹெடர்ஸ் மெட்டா பேக்கேஜ் இல்லாமல் கர்னலை அப்டேட் செய்து ரீபூட் செய்தால் மாட்யூல் இருக்காது, இசட்எஃப்எஸ்ஸின் டிஸ்க் தொகுப்பான பூல் ஏறாது. அதைவிட ஆபத்து அதற்குப் பின் நடப்பது: லாக் புரோகிராம் வெற்று அடைவில் எழுத ஆரம்பித்து, இரண்டு நாளில் ரூட் பார்ட்டிஷனை நிரப்பிவிடும். பூல் ஏறாத நேரத்தில் அந்த வெற்று அடைவின்மேல் எதுவும் எழுத முடியாதபடி பூட்டும் சேட்டர் பிளஸ் ஐ கட்டளையைப் போட்டு வையுங்கள். எழுத முடியாமல் சர்வீஸ் உடனே கத்தும், உங்களுக்கும் தெரியும். உபுண்டுவில் மாட்யூல் கர்னலோடே வருகிறது.

ஃப்ரீபிஎஸ்டியில் இசட்எஃப்எஸ் அடிப்படை அமைப்பிலேயே இருக்கிறது, பூட் என்விரான்மென்ட்டும் உண்டு. அப்டேட் கெட்டால் பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம். இந்த ஒரு பெட்டிக்கு அதை மனதாரச் சிபாரிசு செய்வேன், தெரிந்தவர் இரண்டு பேராவது இருந்தால். 14 கிளை 2028 நவம்பர் வரை வரும், ஆனால் அதற்குள் ஒவ்வொரு புள்ளி வெளியீடும் அடுத்தது வந்த மூன்று மாதத்தில் காலாவதியாகும். போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. ஓபன்பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, கடைசி இரண்டுக்கு மட்டும் பேட்ச்.

நேரம் தப்பினால் இந்த லாக் முழுவதும் வீண். ஒரே பொது ஐபியின் போர்ட் ஒரு நிமிடத்தில் வேறு வாடிக்கையாளருக்குப் போய்விடும். ஒரு நிமிடம் பிசகினால் சம்பந்தமே இல்லாத குடும்பத்தின் வாசலில் போலீஸ் நிற்கும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று தந்த உத்தரவு, அரசு அமைப்புகளான என்ஐசி அல்லது என்பிஎல் தரும் நேரத்தோடு ஒத்துப்போகச் சொல்கிறது. எல்லாப் பெட்டியிலும் நேரத்தைச் சரிப்படுத்தும் குரோனி, ரூட்டரிலும் அதே மூலம், லாகில் ஐஎஸ்டியா யுடிசியா என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிய வேண்டும்.

நிறுவும்போது தவறவிடுவது இரண்டு. டெபியனில் இரண்டு டிஸ்க்கை எம்டி ரெய்டு 1 (ஒன்றின் நகல் மற்றொன்று) ஆக்கினாலும், பூட் ஆகத் தேவையான இஎஃப்ஐ பார்ட்டிஷன் முதல் டிஸ்க்கில் மட்டும் இருக்கும். அது செத்தால் டேட்டா பத்திரம், சர்வர் எழாது. இரண்டாம் டிஸ்க்கிலும் அதே அளவில் ஒன்று வைத்து, உள்ளடக்கத்தை நகலெடுத்து, இஎஃப்ஐபூட்எம்ஜிஆரில் பதிவு செய்யுங்கள். பூட் லோடரான கிரப் மேம்படும்போதெல்லாம் நகலையும் புதுப்பிக்க வேண்டும். இசட்எஃப்எஸ் மிரரில் டிஸ்க் மாற்றினாலும் பூட் லோடரைக் கையால்தான் போட வேண்டும். அடுத்தது நெட்வொர்க் கார்டின் பெயர். புது பிசிஐ கார்டு சொருகியதும் இஎன்பி3எஸ்0 என்பது இஎன்பி4எஸ்0 ஆகிவிடலாம், அப்போது ஐபி இல்லாமல் சர்வர் எழும். மேக் முகவரியை வைத்து லிங்க் ஃபைலில் பெயரைப் பூட்டிவிடுங்கள்.

ரேக்கில் ஏற்றுவதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் டிஸ்க்கை உருவுங்கள், பவரையும் பிடுங்குங்கள். மறுபடி கொடுத்ததும் கீபோர்டைத் தொடாமல் எழுந்து டிஎன்எஸ் பதில் தந்தால் ஏற்றலாம்.