பயாப்சி பிளாக்கைத் தேடி 19 நாள்

என் கணவரின் பயாப்சி பிளாக், அதாவது கட்டியிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டி, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு 19 நாள் ஆனது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். அவருக்கு நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய், நான்காம் நிலை. பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்து ஒரு வருடம் கட்டியைப் பிடித்து வைத்திருந்தது. அப்புறம் அது மறுபடி வளர ஆரம்பித்ததும் டாக்டர் ஒரு ட்ரையலை, அதாவது புது சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வைச் சொன்னார். பெருக முடியாதபடி மாற்றிய அடினோவைரஸில் (சளி உண்டாக்கும் ஒரு வகை வைரஸ்) ஹெர்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் மரபணுவை ஏற்றி, மூச்சுக்குழாய்க்குள் விடும் ப்ராங்கோஸ்கோப் குழாய் வழியாகக் கட்டிக்குள்ளேயே ஊசி போடுவார்கள். பிறகு வாலாசைக்ளோவிர் மாத்திரை. "அக்கிக்குக் கொடுக்கிற மாத்திரைதானே அது?" என்று போனில் மாமியார் கேட்டார். அதேதான். அந்த மரபணு போய்ச் சேர்ந்த செல்லில் அது விஷமாக மாறும். செத்த செல்லைப் பார்த்து உடம்பின் எதிர்ப்பு சக்தியும் விழித்துக்கொள்ளும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

சம்மதப் படிவம், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. ட்ரையலுக்குக் கேட்ட பிளாக்தான் வரவில்லை. முதலில் பயாப்சி எடுத்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் "அனுப்பிவிட்டோம்" என்றார்கள். வந்தது கண்ணாடி ஸ்லைடு மட்டும். மறுபடி கேட்டால், அப்படி ஒன்றும் இங்கே இல்லை என்று பதில். கடைசியில் நானே பேத்தாலஜி லேபுக்கு நேராகப் போன் செய்தேன். அங்கே ஒரு பெண் பொறுமையாகப் பதிவேட்டைப் புரட்டி, போன வருடம் மரபணுப் பரிசோதனைக்கு வெளியூர் லேபுக்குப் போன பிளாக் திரும்பவே இல்லை என்று சொன்னார். அவர் நன்றாக இருக்கட்டும். அதற்குள், ட்ரையலுக்காக எடுத்த சிடி ஸ்கேன் செல்லுபடியாகும் 28 நாள் கெடு தாண்டிவிட்டது. மறுபடி ஸ்கேன், மறுபடி கான்ட்ராஸ்ட் மருந்து, மறுபடி சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை. வாலாசைக்ளோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் அந்த எண்ணைக் கறாராகப் பார்க்கிறார்கள்.

ஆகவே ரெக்கார்ட்ஸ் பிரிவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் இருக்கும் கேஸ் நம்பரைச் சொல்லி பேத்தாலஜியிலேயே கேளுங்கள். ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டு வாங்கினால் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து தம்பி, "சீனாவில் இதை 2003லேயே அனுமதித்துவிட்டார்களே, அங்கே கூட்டிப் போகலாமா?" என்று கேட்டான். ஜெண்டிசின் என்ற அந்த மருந்தில் இருப்பது புற்றைக் கட்டுப்படுத்தும் p53 என்ற வேறு மரபணு, அனுமதி தந்தது தலை, கழுத்துப் புற்றுக்கு என்று டாக்டர் விளக்கினார். 1999ல் பிலடெல்பியாவில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன் அடினோவைரஸ் கொடுத்து இறந்ததைப் படித்துவிட்டு அதையும் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. அந்தப் பையனுக்கு கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் மிக அதிக அளவு செலுத்தினார்கள், இங்கே கட்டிக்குள் மட்டும் என்று படம் வரைந்து காட்டினார். அதற்குப் பிறகுதான் நான் மனதார ஒப்புக்கொண்டேன்.

ஊசி போடும் நாளில் இன்னொரு இடி. இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய், அவரைப் படுக்க வைத்த பிறகு நர்ஸ், "ரத்தம் உறையாத மாத்திரை கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். காலையில்தான். நிறுத்தச் சொல்லி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்லவேளை, வைரஸ் குப்பியை டீப் ஃப்ரீசரிலிருந்து இன்னும் வெளியே எடுக்கவில்லை. அதே குப்பி அடுத்த வாரம் கிடைத்தது.

ஊசி போட்ட அன்று ராத்திரி நடுக்கத்தோடு 102 டிகிரி காய்ச்சல். எமர்ஜென்சியில் இருந்தவர்களுக்கு இந்த ஊசியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ட்ரையல் அட்டை பர்ஸில் இருந்ததால் அதிலிருந்த எண்ணுக்கு அவர்களே போன் போட்டுப் பேசினார்கள். அட்டையை வீட்டில் வைக்காதீர்கள்.

இரண்டாவது ஊசி சிக்கலில்லாமல் முடிந்தது. போன வார ஸ்கேனில் கட்டி வளரவில்லை, சுருங்கவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் ரசம் கேட்டு வாங்கி இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டார். பிளாக் எந்த லேபில் இருக்கிறது, யார் பொறுப்பு என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.