மூன்று அசிட்டோன், ஒரு வளையம்

திருவொற்றியூரில் என்னிடம் டியூஷன் படிக்கும் எம்எஸ்சி பிள்ளைகளிடம் ஏதாவது ஒரு அரோமேட்டிக் சேர்மத்தைத் தயாரிக்கச் சொன்னால், கை தானாக ஓர் அறுகோணத்தை, அதாவது பென்சீன் வளையத்தை, போட்டுவிடும், அப்புறம்தான் யோசனையே: நைட்ரோ ஏற்றலாமா, ஃப்ரீடல்-கிராஃப்ட்ஸ் வினையால் கார்பன் தொகுதி ஏற்றலாமா, ஆர்த்தோவா (பக்கத்து இடம்) மெட்டாவா (ஒன்றுவிட்டு அடுத்த இடம்). சரி, அந்த அறுகோணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பதினொன்றாம் வகுப்பில் 873 கெல்வினில் செஞ்சூடேறிய இரும்புக் குழாய் வழியே அசிட்டிலீனைச் செலுத்தினால் பென்சீன் என்று ஒரு வரி, பிறகு நாப்தலீனுக்கு, பென்சீனோடு இரண்டாவது வளையத்தைக் கட்டும் ஹாவொர்த் தொகுப்பை மனப்பாடம் செய்யும்வரை அந்தப் பேச்சே கிடையாது.

என்னைக் கேட்டால் மெசிட்டிலீனில், அதாவது மூன்று மெத்தில் (CH3) ஏறிய பென்சீனில், தொடங்க வேண்டும். 1837-லேயே ராபர்ட் கேன் என்ற அயர்லாந்துக்காரர் அசிட்டோனையும் அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கி எடுத்தது, இரண்டுமே எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் இருக்கும். மூன்று அசிட்டோன் ஆல்டால் வழியில் (ஒன்றின் மெத்தில் கார்பன் இன்னொன்றின் C=O கார்பனோடு பிணைவது) ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மூன்று தண்ணீரை விட்டுவிட்டு வளையமாகிவிடும். ஒவ்வொரு அசிட்டோனும் ஒரு மெத்திலைத்தான் பக்கத்து கார்போனைல் (C=O) மேல் பாயக் கொடுக்கிறது, இன்னொரு மெத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் வளையத்தைச் சுற்றி ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் மெத்தில், அதாவது 1,3,5. வேறு எப்படியும் வராது. பானையில் பாதிக்கு மேல் கறுப்புத் தாராகப் போகும், விளைச்சல் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, ஆனால் இடம் தப்பாது.

இதையே பென்சீனில் மெத்தில் ஏற்றிச் செய்து பாருங்கள். முதல் மெத்தில் ஏறியதுமே அடுத்ததை ஆர்த்தோ, பாராவுக்கு (எதிர் இடம்) தள்ளும், நமக்கு வேண்டியதோ மெட்டா. (அலுமினியம் குளோரைடை அதிகம் போட்டு நெடுநேரம் சூடாக்கினால் மெத்தில்கள் நகர்ந்து 1,3,5 பக்கம் சாயும், அது வேறு கதை.)

அசிட்டிலீனுக்கு வருவோம். மூன்று சேர்ந்து பென்சீனானால் சுமார் 600 கிலோஜூல் வெளிவரும், அவ்வளவு இறக்கமான வினை, ஆனாலும் சிலிண்டரில் தானாக நடப்பதில்லை, ஏனென்றால் மூன்று மூலக்கூறும் ஒரே நேரத்தில் சரியான கோணத்தில் சந்திக்க வேண்டும். 1940-களில் ரெப்பே என்ற ஜெர்மன் வேதியியலாளர் இதற்கு நிக்கலை வினையூக்கியாகக் கொண்டுவந்தார். கோபால்ட் இன்னும் அழகு: இரண்டு அசிட்டிலீனைப் பிடித்து உலோகமும் சேர்ந்த ஐந்தணு வளையமாக வைத்துக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்திருக்கும். மூன்றும் வெவ்வேறு அசிட்டிலீன் என்றால் வருவது கதம்பம்தான். ஃபோல்ஹார்ட் என்ற வேதியியலாளர் இரண்டு முப்பிணைப்புகளை ஒரே சங்கிலியில் வைத்தார், மூன்றாவதாகத் தன்னோடு தானே சேர முடியாத அளவு பருத்த சிலைல் (சிலிக்கான் தொகுதி ஏறிய) அசிட்டிலீனைப் போட்டார், கலப்படம் போயே போச்சு. எஸ்ட்ரோன் ஹார்மோனையே அவர் இந்த வழியில்தான் கட்டினார்.

நம்ம மணலி சிபிசிஎல் மாதிரி சுத்திகரிப்பு ஆலைகளில் பெட்ரோலின் தரத்தை உயர்த்தும் ரிஃபார்மரிலும் நடப்பது வளையம் கட்டும் வேலைதான், பிளாட்டினத்தின் மேல் 500 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஹெக்சேன் நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளை உதிர்த்துப் பென்சீனாகும். அந்தப் பக்கம் பஸ்ஸில் போய்வருகிற பிள்ளைகளுக்கே இது தெரியவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நெட் தேர்வுக்குப் படிப்பவர்கள் 1,3,5-ட்ரைஃபீனைல்பென்சீனை எழுதிப் பாருங்கள். அறுகோணத்தில் தொடங்காதீர்கள், அசிட்டோஃபீனோனில் (அசிட்டோனின் ஒரு மெத்திலுக்குப் பதில் ஃபீனைல்) தொடங்குங்கள்.