முதலில் ஆறு, பிறகு கோட்டை: கானாவில் முன்னோர் வழிப் பயணம்

அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் வாரிசுகள் அமெரிக்காவிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும் கானாவுக்கு வந்து முன்னோரைக் கும்பிட்டுப் போவது ஒரு யாத்திரையாகவே ஆகிவிட்டது. 1619-ல் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டு 400 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 2019-ஐ 'திரும்பும் ஆண்டு' என்று கானா அரசு அறிவித்தபின் கூட்டம் இன்னும் கூடியது. அதில் அழகிப் போட்டி மேடைகளில் நிற்கும் பெண்களும் உண்டு. முதல் தடவை வரும் அப்படி ஒரு பெண் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே தவறிப்போகும் என்பதைச் சொல்வதற்கே இது.

பெரும்பாலோர் செய்யும் பிழை, கப்பல் ஏற்றும்வரை அடிமைகளை அடைத்துவைத்த கேப் கோஸ்ட் கோட்டைக்கு நேராகப் போய்விடுவது. விடுதிகள் கடற்கரையில் இருக்கின்றன, கோட்டையும் அங்கேயே. வாடகை வண்டிக்காரருக்கும் அதுதான் வசதி. ஆனால் முன்னோர் கோட்டையிலிருந்து புறப்படவில்லை. வடக்கே உள்நாட்டிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்டு, அசின் மான்சோ ஆற்றில் கடைசியாகக் குளிப்பாட்டப்பட்டு, அதன்பிறகே கடலோரக் கோட்டைகளுக்கு வந்தார்கள். அவர்கள் நடந்த திசையிலேயே நாமும் போக வேண்டும். ஆற்றைப் பார்க்காமல் கோட்டைக்குப் போவது, கதையைப் பாதியிலிருந்து கேட்பது.

தலைநகர் அக்ராவிலிருந்து கேப் கோஸ்ட் ஏறத்தாழ 145 கிலோமீட்டர். வரைபடம் எவ்வளவு நேரம் காட்டினாலும் வழியிலுள்ள காசோவா நெரிசலில் வண்டி நின்றுவிடும். அதனால் முதல் நாள் கேப் கோஸ்ட்டில் தங்கல் மட்டும். மறுநாள் விடியலில் குமாசி சாலையில் வடக்கே 40 கிலோமீட்டர் போனால் அசின் மான்சோ. காலையில் ஆறு, திரும்பி வந்து சாப்பாடு, பகல் இரண்டு மணிக்குள் கோட்டை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும், சான்றிதழ் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டுவிட்டு விமான நிலையத்தில் தவிப்பவர்களை அடிக்கடி காணலாம். மலேரியா மாத்திரையை ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுத் தொடங்கிவிட வேண்டும். ஆற்றங்கரையில் கொசு உண்டு.

உடையில் இரண்டு தொகுதி வேண்டும். இந்தப் பகுதியின் அக்கான் மக்களுக்குக் கறுப்பும் சிவப்பும் துக்கத்தின் நிறம், வெள்ளை மகிழ்ச்சிக்கும், பிறந்த கிழமையை வைத்துப் பெயர் வைக்கும் பெயர்சூட்டுச் சடங்குக்கும். ஆற்றுக்கும் கோட்டைக்கும் கறுப்பு அல்லது அடர் நிறத் துணி, பெயர்சூட்டுக்கு வெள்ளை. கிரீடமும் பட்டப் பட்டையும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் எல்லாம் முடிந்தபின் கோட்டையின் வெளி முற்றத்தில் எடுக்கலாம். படக்குழுவோடு வருகிறவர்கள் கானா அருங்காட்சியக, நினைவுச்சின்ன வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கோட்டை அவர்கள் பொறுப்பில் இருக்கிறது. வாசலில் நின்று பேரம் பேசி உள்ளே கேமரா கொண்டுபோகலாம் என்று நம்பினால் அரை நாள் வீணாகும்.

அசின் மான்சோவில் முதலில் இரண்டு கல்லறைகள். 1998-ல் அமெரிக்காவிலிருந்து சாமுவேல் கார்சன் என்பவரின் எச்சங்களும், ஜமைக்காவிலிருந்து கிரிஸ்டல் என்ற பெண்ணின் எச்சங்களும் கொண்டுவரப்பட்டன. கேப் கோஸ்ட் கோட்டையின் 'திரும்பாத வாசல்' வழியாக, கடல் பக்கத்திலிருந்து உள்ளே எடுத்து வந்து இங்கே அடக்கம் செய்தார்கள். போனவர்கள் திரும்ப முடியாது என்ற வாசல் அன்றோடு உடைந்தது. அந்தப் பெண்ணின் கல்லறை முன் கொஞ்ச நேரம் நிற்காமல் ஆற்றுக்கு இறங்கக் கூடாது என்பேன்.

அங்கிருந்து ஆற்றுக்குப் போகும் பாதையில் காலணியைக் கழற்றிவிட்டு நடப்பது வழக்கம். வேர், சருகு, சிறு கல் எல்லாம் உள்ளங்காலில் படும். பட வேண்டும். மேடைக்காகக் குதியுயர்ந்த செருப்பிலேயே பழகிய பாதங்களுக்கு இது கடினம். அதனால் மெதுவாக, பேசாமல் நடப்பதே சரி. ஆறு பெரிது இல்லை. தண்ணீர் பழுப்பு நிறம், நிழலில் கறுப்பாகத் தெரியும். மழை மும்முரமான மே, ஜூனில் கரை வழுக்கும், ஆழம் தெரியாது. அப்போது இறங்காமல், குனிந்து இரு கையிலும் அள்ளி முகத்திலும் காலிலும் விட்டுக்கொண்டாலே போதும். முழுக்குப் போட வேண்டிய தீர்த்தம் அல்ல இது. இங்கே குளித்தவர்கள் விற்பனைக்குத் தயாராக்கப்பட்டவர்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

நீத்தாருக்கு மது வார்க்கும் சடங்குக்கு ஒரு புட்டி ஷ்னாப்ஸ் என்னும் சாராயம் வேண்டும். வழியிலேயே வாங்கிக்கொள்ளலாம். பெரியவரிடம் வலது கையால்தான் நீட்ட வேண்டும், இடக்கை பட்டால் அவமதிப்பு. நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, அமெரிக்காவிலிருந்தும் கரீபியனிலிருந்தும் வருகிறவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரியவர் முதலில் கிண்ணத்தை வானத்தை நோக்கி உயர்த்துவார். இறைவனுக்கு மதுவைக் காட்டுவார்கள், வார்ப்பதில்லை. அதன்பிறகு பூமித்தாய்க்கு, அக்கான்களில் இந்தக் கடற்கரையோர ஃபாண்டி மக்கள் அவளை வெள்ளிக்கிழமை பிறந்தவள் என்று அசாசே எஃபுவா என்பார்கள். கடைசியாக முன்னோருக்கு. ஒவ்வோர் அழைப்புக்கும் சில துளிகள் மண்ணில் விழும். அப்போது தன் குடும்பத்தில் தெரிந்த மூத்த பெயரைச் சொல்லலாம். பாட்டி பெயருக்கு மேல் தெரியாது என்று அழுகிறவர்கள் உண்டு. பெயர் தெரியாதவர்களையும் சேர்த்தே பெரியவர் அழைக்கிறார், அதனால் அந்தக் குறை வேண்டாம்.

மரபணுச் சோதனைத் தாளில் 'கானா' என்று இருக்கிறதே, என் கிராமம் எது என்று கேட்பதும் இங்கே வழக்கமாக நடக்கும். இன்றைய மக்களோடு ஒப்பிட்டு வட்டாரத்தைச் சொல்வதுதான் அந்தச் சோதனை, கிராமத்தைச் சொல்லாது. மேலும் இந்தக் கடற்கரையில் ஏற்றப்பட்டவர்களில் பலர் வடக்கே சலாகா அடிமைச் சந்தை பக்கமிருந்து நடத்தி வரப்பட்டவர்கள். கும்பிடுவதற்கு ஊர்ப்பெயர் தேவையில்லை.

கேப் கோஸ்ட் கோட்டையை 1653-ல் ஸ்வீடன்காரர்கள் தொடங்கினார்கள். பின்பு ஆங்கிலேயர் கைக்கு வந்து பெரிதாக்கப்பட்டது. அயலிலுள்ள எல்மினா அதைவிடப் பழையது, 1482-ல் போர்த்துக்கீசியர் கட்டியது. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முயல வேண்டாம். மனம் தாங்காது.

ஆண்கள் அடைக்கப்பட்ட நிலவறைக்குச் சரிவான பாதையில் இறங்க வேண்டும். உச்சியில் சின்னச் சின்ன காற்றுத் துளைகள், தரையின் நடுவே கழிவு ஓட ஒரு கால்வாய். தரை கறுத்து மண்போல இறுகிக் கிடக்கும். அதில் ஓரிடத்தைச் சுரண்டிக் காட்டியிருக்கிறார்கள், அடியில் செங்கல் பாவியிருப்பது தெரியும். அப்படியென்றால் மேலே நாம் நிற்பது மண் அல்ல. தலைமுறை தலைமுறையாக அங்கே அடைபட்டவர்களின் உடற்கழிவு இறுகியது. வழிகாட்டி இதைச் சொல்லும்போது சிலர் நடுங்கி வெளியே ஓடிவிடுவார்கள். ஓடட்டும், தடுக்கக் கூடாது. கூட வருகிறவர் ஒரு தண்ணீர் புட்டியோடு வெளியே காத்திருந்தால் போதும். இந்த அறைக்கு மேலே ஒரு தேவாலயம் இருந்தது.

நானா தாபிர் என்னும் தெய்வத்தின் இடமும் உள்ளேதான். கோட்டை வருவதற்கு முன்பே அந்தப் பாறையில் குடியிருந்தவர் என்பது ஊர் நம்பிக்கை. பூசாரி இருந்தால் அவரிடம் கேட்டுக் காணிக்கை வைக்கலாம். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

பெண்கள் அறையிலிருந்து வெளிவந்தால் அந்தத் 'திரும்பாத வாசல்'. அதைத் தாண்டினால் சட்டென்று வெளிச்சம், மீன் வாடை, வண்ணம் பூசிய படகுகள், வலை பின்னும் ஆட்கள். செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது ஃபாண்டி மீனவர் மரபு. அன்று படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், நடக்கவே இடம் இருக்காது. சிறுவர்கள் 'ஒப்ருனி' என்று கூப்பிட்டு ஓடி வரலாம். வெள்ளைக்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் சொல்லும் சொல் அது. வீடு திரும்பினேன் என்று நிற்கும் கறுப்பினப் பெண்ணுக்கு அது நெஞ்சில் குத்தும். உடுப்பையும் நடையையும் பார்த்துக் குழந்தைகள் சொல்வது, விலக்கிவைக்க அல்ல என்று முன்பே சொல்லி வைத்தால் அந்த நேரம் கெடாது.

வெளியே போனதோடு நிறுத்திவிட்டு வண்டி ஏறுவது இரண்டாவது பெரும் பிழை. திரும்பி நின்று பார்த்தால் வாசலின் வெளிப்புறத்தில் 'திரும்பும் வாசல்' என்ற பலகை இருக்கும். அதன் வழியாக மறுபடி உள்ளே நடந்து வர வேண்டும்.

பெயர்சூட்டு மறுநாள் காலையில். பிறந்த கிழமையை ஊரிலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும், நள்ளிரவுக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள் குழம்புவார்கள். ஃபாண்டி வழக்கில் பெண்ணுக்கு ஞாயிறு எசி, திங்கள் அஜுவா, வெள்ளி எஃபுவா, சனி அமா என்று போகும். குமாசிப் பக்கத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமைப் பெண்ணை அக்கோசுவா என்பார். இரண்டும் சரியே. மூத்தவர் நாவில் தண்ணீர்த் துளி வைப்பார், பிறகு மதுத் துளி. தண்ணீரைத் தண்ணீர் என்று சொல், மதுவை மது என்று சொல் என்பார். பெயரை மும்முறை அழைப்பார். ஒவ்வொரு முறையும் அவள் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும்.