அம்பை நொந்தாலும் தப்பில்லை

என் ஆயாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பழமொழி இருந்தது. யார் மேலாவது பழி போடப் போனால், "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று ஒரே போடாகப் போட்டு வாயை அடைத்துவிடுவார். ஆயா வில்லைத் தொட்டவர் இல்லை. அவர் பேச்சை நம்பி நான் நாலு மாதத்தை வீணடித்தேன்.

தென்னாப்பிரிக்காவில், டோங்காட்டில் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வாய் என்று எல்லாரும் கேட்டார்கள், நெடுவில் (லாங்போ) வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் வில் பிடித்தவர் தாத்தா ஒருவர்தான், அதுவும் கூத்தில். நேட்டாலில் தெருக்கூத்துக்கு 'சிக்ஸ்ஃபுட் டான்ஸ்' என்று ஒரு பெயர் உண்டு. அதில் அர்ச்சுனன் வேஷம் கட்டுவார். மூங்கிலை வளைத்துத் தங்கக் காகிதம் சுற்றிய வில். அதிலிருந்து ஒரு அம்பும் புறப்பட்டதில்லை, ஆகவே குறி தப்பியதும் இல்லை.

என் வில்லை ஆஃப்ரிகான்ஸ் மொழி பேசும் ஒரு பெரியவரிடம் பழையதாக வாங்கினேன். அவரை ஊம் என்றுதான் கூப்பிடுவேன். நமக்கு மாமா மாதிரி அவர்களுக்கு ஊம். 66 அங்குல நீளம், மூங்கிலும் கண்ணாடி இழையும் அடுக்கி ஒட்டியது. 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு விசை என்று வில்லின் மேலேயே எழுதியிருக்கிறது. அம்புகளை மட்டும் ஒரு கடையில் புதிதாக வாங்கினேன்: ஆறு பைன் மர அம்புகள், பெட்டியில் 50-55 என்று முத்திரை, அதாவது அத்தனை பவுண்டு வில்லுக்கு ஏற்றவை.

ஸ்டாங்கர் பக்கம் மச்சானுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம் இருக்கிறது. அதன் ஓரத்து மண்மேட்டில் இலக்கை வைத்து, 18 மீட்டரில் நின்று எய்வேன். காலையில்தான். மதியத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று கிளம்பிவிட்டால் எது காற்றின் தப்பு, எது என் தப்பு என்று பிரிக்க முடியாது.

அம்பெல்லாம் இடது பக்கம் போனது. ஒரு சாண் இடது. தினமும், அநேகமாக எல்லா அம்பும்.

ஆயா சொன்னபடி எய்தவனைத் திருத்தினேன். கால் வைக்கும் கோணத்தை மாற்றினேன். பிடியை இறுக்கினேன், தளர்த்தினேன். விரல் நாணை இழுத்துவிடுகிறதா என்று கவனித்தேன். கடைசியில் ஒரு சாண் வலது பக்கம் பார்த்து எய்து சமாளித்தேன். ஆனால் 10 மீட்டருக்கு வந்தால் அந்தக் கணக்கு ஒத்துவராது, 30-க்குப் போனாலும் ஒத்துவராது. ஆலையில் ஒரு பேரிங் சூடானால் இப்படியா செய்வேன்? அளந்து பார்க்காமல் நாலு மாதம் தடவிக் கொடுத்துக்கொண்டா இருப்பேன்?

அந்த நினைப்பு வந்த பிறகுதான் அம்புகளுக்கு எண் போட்டேன். ஒன்றிலிருந்து ஆறு வரை, பேனாவால். ஒவ்வொரு சுற்றிலும் எது எங்கே விழுந்தது என்று ஒரு பழைய நோட்டில் குறித்தேன். பத்து சுற்று முடிந்ததும் ஒரு விஷயம் கண்ணில் குத்தியது. ஒரு சாண் இடதில் கூட்டமாக விழுந்தவை ஐந்து. நாலாம் எண் மட்டும் அதையும் தாண்டி இன்னும் நாலு விரற்கடை இடது, பத்தில் எட்டு தடவை. இதை அதுவரை என் கைத்தடுமாற்றம் என்றே நினைத்திருந்தேன். கைக்குத் தடுமாற்றம் வந்தால் நாலாம் எண்ணைப் பார்த்தா வரும்?

ஊமிடம் போனில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, இரண்டு அம்பின் இறகைப் பிய்த்துவிட்டு எய்து பார் என்றார். இறகு அம்பின் வாலைப் பிடித்து நேராக்கிவிடும், பாதித் தப்பு அதில் மறைந்துபோகும். இறகில்லாத அம்பு உண்மையைச் சொல்லிவிடும். 12 மீட்டரில் எய்தேன். இரண்டும் இறகுள்ளவற்றைத் தாண்டி இடது. வலக்கையால் நாண் இழுப்பவனுக்கு மொட்டை அம்பு இடது பக்கம் போனால் அம்பு விறைப்பு அதிகம் என்று அர்த்தம். வலது பக்கம் போனால் அளவுக்கு மேல் தளர்வு.

இந்த விறைப்பைத்தான் ஸ்பைன் என்கிறார்கள். நெடுவில்லில் அம்பு வில்லின் நடுவிலிருந்து புறப்படுவதில்லை, பிடியின் பக்கவாட்டிலிருந்து. நாண் நடுவை நோக்கித் தள்ளுகிறது, வழியில் பிடி நிற்கிறது. அம்பு விலாங்கு மீன் போல நெளிந்து பிடியைச் சுற்றிக்கொண்டு போய், அப்புறம் நேராக வேண்டும். விறைத்த கம்பு நெளியாது, பிடியின் பக்கமே ஒதுங்கி ஓடும். எனக்கு அது இடது.

ஆனால் 45 பவுண்டு வில்லுக்கு 50-55 அம்பு அவ்வளவு பெரிய தப்பா? இங்கேதான் என் குள்ள உடம்பு வருகிறது. அம்பில் அங்குலம் குறித்து இழுத்தேன், மச்சான் பக்கத்தில் நின்று பார்த்தார்: நான் இழுப்பது 26 அங்குலம்தான். மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை நாணில் மாட்டி 26 அங்குலத்துக்கு இழுத்தால் முள் 40-ல் நின்றது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் இரண்டு மூன்று பவுண்டு குறைகிறது. போதாக்குறைக்கு, கடைக்காரர் என் கை நீளத்தைக் கேட்டு அம்பையும் 27 அங்குலமாக நறுக்கித் தந்திருந்தார். குட்டையானால் கம்பு இன்னும் விறைக்கும்.

அதோடு விடவில்லை. இரண்டு தாங்கிகளை 26 அங்குல இடைவெளியில் பலகையில் அடித்தேன். ஒரு ஜாம் டப்பாவில் போல்ட் நட்டுகளைப் போட்டு, மனைவியின் சமையலறைத் தராசில் 907 கிராம், அதாவது இரண்டு பவுண்டு, வரும்வரை சேர்த்தேன். அம்பின் நடுவில் டப்பாவைத் தொங்கவிட்டு, எத்தனை அங்குலம் வளைகிறது என்று டயல் கேஜில் படித்தேன். 26-ஐ அந்த எண்ணால் வகுத்தால் அம்பின் பவுண்டுக் கணக்கு கிடைக்கும். 0.52 வளைந்தால் 50.

ஐந்தாம் எண் 0.48, அதாவது 54. முத்திரைக்குள் அடங்கியது அது ஒன்றுதான். மற்ற நாலும் 56-லிருந்து 60 வரை. நாலாம் எண் 0.37. எழுபது! கம்பி மாதிரி. அன்று இரவு அந்தக் கடையைப் பற்றி நான் சொன்ன தமிழ் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நோய் இதுதானா என்று உறுதிப்படுத்த ஒரு மலிவான வழி உண்டு. முனை கனமானால் கம்பு கூடுதலாக நெளியும். 100 கிரெய்ன் எடையுள்ள முனைகளைக் கழற்றி 145 கிரெய்ன் போட்டேன். கூட்டம் அப்படியே நாலு விரற்கடை வலது பக்கம் நகர்ந்தது. நான் நின்ற நிலையையோ பிடியையோ மாற்றவே இல்லை. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்து 35-40 அளவில் கம்புகள் வாங்கி, 29 அங்குலம் நீளமாகவே விட்டு, 125 கிரெய்ன் முனை வைத்து நானே ஒட்டினேன். ஒவ்வொன்றையும் டப்பாவில் தொங்கவிட்ட பிறகுதான் இறகு. இடது போயே போச்சு.

சரி, இரண்டு வாரம் கழித்து மேலும் கீழும் சிதற ஆரம்பித்தது. இந்தத் தடவை அளவுகோலோடுதான் தொடங்கினேன். வில்லின் பிடிக்கும் நாணுக்கும் நடுவே ஏழு அங்குலம் வைத்திருந்தேன், ஆறேகால் ஆகியிருந்தது. டாக்ரான் என்ற செயற்கை இழை நாண் புதிதில் நீளும். நான் வேறு வில்லை நாணோடு பக்கிக்குள் வெயிலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். (பிக்கப் வண்டிக்கு இங்கே பக்கி என்று பெயர். தமிழ்நாட்டு உறவினர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.) கண்ணாடி இழை வில்லுக்கு அந்தச் சூட்டில் ஒட்டு விட்டுப்போகும் அபாயம் உண்டு என்று ஊமிடம் திட்டு வாங்கினேன். நாணுக்கு முறுக்கு ஏற்றி ஏழுக்குக் கொண்டுவந்தேன். அம்பு நாணில் உட்காரும் இடமும் கீழே நழுவியிருந்தது. அம்பின் வால் எகிறி எகிறிப் போனதற்கு அதுவே காரணம். மூலைமட்டம் வைத்து அரை அங்குலம் மேலே நூலால் கட்டினேன். எகிறல் நின்றது.

எகிறல் நின்றாலும் கடைசிச் சுற்றுகளில் அம்பு தாழ்வாகவே விழுந்தது. இதற்கு அளக்க எதுவும் மிச்சமில்லை. பேத்தி போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தாள். பத்து வயசு. படத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க விடுறதுக்கு முன்னாலேயே அம்பு வெளியே போகுது" என்றாள். எனக்குப் புரியவில்லை. திரும்பப் போட்டுக் காட்டினாள். முழுதாக இழுத்த பிறகு, குறி பார்க்கும் நேரத்தில், அம்பு முனை முக்கால் அங்குலம் முன்னால் ஊர்ந்து போகிறது. தோள் களைத்து விட்டுக்கொடுக்கிறது. முக்கால் அங்குலம் என்றால் இரண்டு பவுண்டு போச்சு, அம்பு தாழும். முப்பது அம்புக்கு மேல் அன்றன்றைக்கு எய்வதில்லை என்று வைத்திருக்கிறேன். ஆயா ஜெயித்தது இந்த ஒரு இடத்தில்தான்.

மச்சான் கதை தனி. என் வில்லை வாங்கி ஒரு அம்பு விட்டார், அது ஐந்தடி இடதில் கரும்புக்குள் போனது. "உன் அம்பு சரியில்லை" என்றார், நான் சொன்னதையெல்லாம் கேட்டிருந்தவர் ஆயிற்றே. அது இல்லை. ஒரு சாண் வேறு, ஐந்தடி வேறு. கைகளை நீட்டிச் சேர்த்து நடுவில் ஒரு ஓட்டை வைத்து, இரண்டு கண்ணையும் திறந்து, அதன் வழியாகத் தூரத்து விளக்குக் கம்பத்தைப் பார்க்கச் சொன்னேன். இடது கண்ணை மூடியதும் கம்பம் காணாமல் போனது. அவருக்கு ஆளும் கண், அதாவது குறி பார்ப்பதில் முந்துகிற கண், இடது. அம்பு இருந்ததோ வலது கண்ணுக்குக் கீழே. இடக்கை வில் வாங்குவதா, கண்ணை மூடிப் பழகுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கரும்பு வெட்டும்போது அந்த அம்பு கிடைக்கும்.

நாலாம் எண்ணை எறிய மனசு வரவில்லை. முனையைக் கழற்றிவிட்டு, கொல்லையில் சாய்ந்த மிளகாய்ச் செடி ஒன்றுக்கு ஊன்றுகோலாக நட்டிருக்கிறேன். போன வாரக் காற்றில் பக்கத்துச் செடிகளெல்லாம் படுத்தன, அது அசையவில்லை.