பாப்பாவோட முதல் ஃபிளைட்

என் தங்கச்சி மகனுக்கு சிங்கப்பூர்ல காதுகுத்து. மொட்டைய ஊருக்கு வரும்போது குலசாமி கோயில்ல எடுத்துக்கலாம், காது மட்டும் இங்கயே குத்திடறோம் மச்சான்னு மாப்பிள்ளை போன் பண்ணாரு. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான குத்தணும், நான் போகாம எப்படி. டிக்கெட் போட்டாச்சு, விசா வந்தாச்சு, சீருக்கு துணிமணி எடுத்தாச்சு, அப்புறம்தான் எட்டு வயசு மக "நான் வரலப்பா, அப்பத்தாகூட இருந்துக்கிறேன்"னுட்டா.

அடம் பிடிக்கிறான்னுதான் நெனச்சேன். ரெண்டு நாளா "ஒண்ணும் ஆகாது, பயப்படாத"ன்னு அதையே சொல்லிட்டு இருந்தேன். அவ சாப்பாட்ட கொறச்சுட்டா, ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கிட்டா. மூணாம் நாள் மாடிக்கு கூட்டிட்டுப் போய் என்னதான் பயம், ஒண்ணு விடாம சொல்லுடான்னு கேட்டேன், அப்பதான் கொட்டுனா. 2025 ஜூன்ல அகமதாபாத்ல ஃபிளைட் விழுந்தப்ப எங்க வீட்டு டிவில நாள் முழுக்க அதேதான் ஓடுச்சு, இவ பக்கத்துல உக்காந்து ஹோம்வொர்க் எழுதிட்டு இருந்தா, சின்னப்புள்ளைக்கு என்ன புரியப் போகுதுன்னு நாங்க பாட்டுக்கு விட்டுட்டோம். அத்தனையும் உள்ளயே கெடந்திருக்கு. எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. அதுபோக கொடைக்கானல் மலைரோட்டுல வாந்தி எடுத்தது, காது அடைச்சு அழுதது, நாம இல்லாத நேரம் அப்பத்தாவுக்கு மேலுக்கு முடியாம போனா யார் பாப்பாங்கறது, எல்லாம் இருந்துச்சு.

விழவே விழாதுன்னு நான் சொல்லல, அவதான் பாத்துட்டாளே. விழுந்தது உண்மைதான், ஆனா எப்பவாச்சும் நடக்கறதாலதான் அத டிவில காட்டுறாங்க, தெனமும் ஆயிரக்கணக்குல பத்திரமா எறங்குறத யாரும் காட்டறதில்லன்னு சொன்னேன். சொன்னா மட்டும் போதாதுன்னு சாயங்காலமா வண்டில வச்சு எங்க மதுரை ஏர்போர்ட்டுகிட்ட இருக்க மண்டேலா நகர் பக்கம் கூட்டிட்டுப் போய் ரோட்டோரமா நின்னு ஃபிளைட் எறங்குறத காட்டுனேன். மூணு நாள் போனோம். மூணாம் நாள் அவளே "சக்கரம் வெளிய வந்துருச்சுப்பா"ன்னா.

காது விஷயத்துக்கு கொடைக்கானலே உதவுச்சு. ஃபிளைட் எவ்வளவு உசரத்துல போனாலும் உள்ள இருக்க காத்தழுத்தம் 6000ல இருந்து 8000 அடி உசரத்துல இருக்க மாதிரிதான் வச்சிருப்பாங்க, கொடைக்கானலே 7000 அடி, அதனால அந்த காதடைப்பு ஒனக்கு ஏற்கனவே தெரிஞ்சதுதான்னேன். ஏறும்போது காதுக்குள்ள இருக்க காத்து தானா வெளிய வந்துரும், எறங்கும்போதுதான் நாம எச்சில் முழுங்கி, கொட்டாவி விட்டு வழி தொறக்கணும். சூயிங்கம் கேட்டா, சிங்கப்பூர்ல 1992லயே அத தடை பண்ணிட்டாங்க, வேணாம்னு இஞ்சி மிட்டாய் வாங்கி அவ பையிலயே போட்டுக் குடுத்தேன். அது தன் கையில இருந்ததே அவளுக்குப் பெரிய தைரியம்.

எங்கம்மா சொன்னதுதான் இன்னும் நல்லா வேலை செஞ்சுச்சு. "நம்ம ஊரு மல்லியே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல இருந்து போய் ஃபிளைட் ஏறி சிங்கப்பூருக்கு வாடாம போகுதாம், நீ போக மாட்டியாடி"ன்னாங்க. தெனமும் வீடியோ கால்ல மூஞ்சிய காட்டணும்னு அப்பத்தாகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா.

ஏறுற அன்னைக்கு வாசல்ல கொஞ்சம் தயங்கினா. ரெக்கை பக்கம் ஆட்டம் கம்மியா இருக்கும்னு அங்கதான் சீட் போட்டிருந்தேன். ரெக்கை நுனி லேசா ஆடறதப் பாத்து கைய பிடிச்சா, வளையற மாதிரிதான்டா செஞ்சிருக்காங்கன்னேன். நாலு மணி நேரத்துல பாதி தூங்கிட்டா. எறங்கும்போது மிட்டாய் மேல மிட்டாய், என் கையில அவ நகம் பதிஞ்சு செவந்து போச்சு, ஆனா அழல.

அங்க எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல தமிழ்ல அறிவிப்பு கேட்டதும் "அப்பா, நம்ம பாஷை!"ன்னு கத்திட்டா. தங்கச்சி வீட்டுல சீர்தட்ட அவதான் தூக்கிட்டு வந்தா. என் மடியில உக்காந்திருந்த பையன் ஊசிய பாத்து வீல்னு கத்த, இவ கீழ மண்டி போட்டு ரெண்டு கையயும் பிடிச்சுக்கிட்டு "வலிக்கும்டா தம்பி, கொஞ்சூண்டுதான், அக்கா இருக்கேன்"னு சொன்னா. நான் குனிஞ்சு கண்ண தொடச்சுக்கிட்டேன்.

ராத்திரி போன்ல எங்கம்மா பயந்தியாடின்னு கேட்டாங்க. "எறங்கும்போது மட்டும் அப்பத்தா. நீ சாப்ட்டியா, மாத்திரை போட்டியா?"