பிரம்மபுத்திராவின் வண்டல் நிலத்தில்

அசாமுக்குச் செல்வோர் பலர் காசிரங்காவின் காண்டாமிருகம், மாஜுலித் தீவு, ஜோர்ஹாட் தேயிலைத் தோட்டம் ஆகியவற்றைத் தனித்தனி இடங்களாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வைகை நீர் பெரும்பாலும் பெரிய கண்மாயோடு நின்றுவிடும் இராமநாதபுரத்திலிருந்து, பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கும் என் தாய்மாமாவுடன் சென்ற எனக்கு, அவை மூன்றும் பிரம்மபுத்திராவின் ஆக்கமாகவே தெரிந்தன.

காசிரங்காவில் அதை நேராகவே காணலாம். ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் ஆறு காட்டுக்குள் புகுந்து வண்டலைப் பரப்புகிறது. 'பீல்' எனப்படும் ஏரிகளை நிரப்புகிறது. புல்வெளி மரக்காடாக மாறிவிடாமல் காக்கிறது. அந்தப் புல்லை நம்பித்தான் காண்டாமிருகமும் காட்டெருமையும் சதுப்புநில மானும் வாழ்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்திருந்த ஒற்றைக் கொம்பு காண்டாமிருகங்கள், 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 2,613 ஆகப் பெருகியிருப்பது இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்பின் பெருமைகளில் ஒன்று என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். வெள்ளம் மிகும்போது விலங்குகள் நெடுஞ்சாலையைக் கடந்து தெற்கே கார்பி ஆங்லாங் குன்றுகளுக்கு ஏறுகின்றன. அப்போது விரைந்து வரும் வண்டிகளில் அடிபட்டு அவை இறப்பது வேதனைக்குரியது. ஜீப்பில் செல்வோர் பூங்காவின் நடுப்பகுதியான கோஹோராவோடு நின்றுவிடாமல் கிழக்குப் பகுதியான அகராதொலிக்கும் செல்ல வேண்டும். மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய்களில் நாம் பார்த்துப் பழகிய கூழைக்கடாக்களை அங்குள்ள நீர்நிலைகளில் கண்டபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லில் அடங்காது.

ஜோர்ஹாட்டுக்கு அருகிலுள்ள நிமாதி படித்துறையிலிருந்து மாஜுலிக்குப் படகு புறப்படுகிறது. மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதைப் படகோட்டியிடம் கேட்டறிந்த மாமா, "போன வருசம் போன வழியில இந்த வருசம் போக முடியாதாம், மாப்பிள்ளை" என்று வியந்தார். 2016இல் தனி மாவட்டமான இந்த ஆற்றுத் தீவு, கரை அரிப்பால் தன் பழைய பரப்பில் பாதிக்கும் மேல் இழந்துவிட்டது. 1964 புயலில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கடற்கரையில் பிறந்தவர்களுக்கு, இடிந்து சரியும் அந்தக் கரையைப் பார்த்துவிட்டு எளிதில் நகர முடியாது. ஸ்ரீமந்த சங்கரதேவரின் வைணவ மரபைப் போற்றும் சத்திரங்கள் என்னும் மடங்களே தீவின் உயிர். அவற்றுள் சாமகுரி சத்திரத்தில், மூங்கில் சட்டத்தின்மேல் களிமண்ணில் தோய்த்த துணியைப் போர்த்தி, பாவனா நாடகத்துக்கான இராவணன், ஜடாயு முகமூடிகளைச் செய்கிறார்கள். இராமேசுவரத்துக்கு அருகிலிருந்து வருகிறோம் என்றதும் அங்கிருந்தவர்கள் எங்களை உட்காரவைத்து, இராவணனின் முகமூடியைக் கையில் எடுத்துக் கொடுத்தார்கள்.

நீலகிரியையும் வால்பாறையையும் நினைத்துச் செல்லும் நமக்கு, மலையே இல்லாத, பிரம்மபுத்திராவின் வண்டலால் உருவான ஜோர்ஹாட் சமவெளியில், நிழல்மரங்களின் கீழ் தேயிலை விரிந்து கிடப்பது புதுமையான காட்சி. 1823இல் ராபர்ட் புரூஸ் என்னும் ஸ்காட்லாந்து வணிகர் அசாமில் இயற்கையாக வளர்ந்த தேயிலையைப் பற்றி அறிந்தார். 1839இல் அசாம் தேயிலை லண்டனில் ஏலத்துக்கு வந்தது. அதன்பின் சோட்டா நாக்பூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஏழை மக்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்துவந்து தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். அவர்களின் வழித்தோன்றல்களே இன்றும் கொழுந்து பறிக்கிறார்கள். நம் மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காகத் தடுத்து வைக்கப்பட்டு, பின்னர் தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறி, இலங்கையின் தேயிலைக் காடுகளுக்குப் போன தமிழர்களை அங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பவர்கள் தொழிலாளர் குடியிருப்பையும் பார்த்து, அம்மக்களோடு சற்று நேரம் பேசிவிட்டு வர வேண்டும் என்பது என் விருப்பம்.

செல்லும் காலத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மழைக்காலத்தில் காசிரங்கா மூடப்பட்டிருக்கும். டிசம்பர், ஜனவரியில் பூங்கா திறந்திருந்தாலும் தேயிலைச் செடிகளைக் கவாத்து செய்துவிடுவதால் தோட்டங்களில் கொழுந்து பறிப்பு இராது. குளிர்காலக் கடைசியில் உயரமான புல்லை வனத்துறையினர் எரித்தபின், மார்ச்சில் புதுப்புல் துளிர்க்கும்போது விலங்குகளும் தெளிவாகத் தெரியும், முதல் கொழுந்தும் தொடங்கியிருக்கும். ஏப்ரல் நடுவில் அசாமியப் புத்தாண்டான ரொங்காலி பிஹு வருகிறது. அந்தத் திருநாளையும் காண விரும்புவோர் தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது.