கட்டுநாயக்க – மீனம்பாக்கம்: 645 கிலோமீட்டரும் மிச்சமும்

கொழும்புக்கும் சென்னைக்கும் இடையே எவ்வளவு தூரம்? நேர்கோட்டில் 680 கிலோமீட்டர் என்பார் ஒருவர், 645 என்பார் இன்னொருவர். இரண்டும் சரிதான். கொழும்புக் கோட்டையிலிருந்து சென்னை சென்ட்ரல் வரை அளந்தால் முதலாவது; விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு என்றால் இரண்டாவது. கட்டுநாயக்க இருப்பது கொழும்புக்கு வடக்கே, மீனம்பாக்கம் சென்னைக்குத் தெற்கே. அதனால் ஆகாயத்தில் முப்பத்தைந்து கிலோமீட்டர் மிச்சம். அந்த மிச்சத்தை கொழும்பின் தென்பக்கத்தில் இருக்கும் எங்களைப் போன்ற வெள்ளவத்தைக்காரர் தரையில் கட்டித் தீர்க்க வேண்டும்.

2013இல் அதிவேகப் பாதை திறந்த பிறகு, அது தொடங்கும் பேலியகொடையிலிருந்து கட்டுநாயக்க அரை மணிக்குள். அதற்கு முன் வத்தளை, ஜா-எல என்று ஊர்ந்த காலத்தை நினைத்தால் இது சொர்க்கம். ஆனால் பேலியகொடைக்குப் போய்ச் சேர வேண்டுமே! மாலை ஐந்து மணிக்குக் காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்தியைத் தாண்டிப் பாருங்கள், தெரியும்.

டிக்கெட்டில் போட்டிருப்பது ஒன்றரை மணி நேரத்துக்குக் கிட்ட. விமானி அறிவிப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். டிக்கெட் கணக்கு விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுபக்கம் போய் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்வது, வரிசையில் நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம். பறக்கும் அந்த ஒரு மணியிலும் ஏறுவதும் இறங்குவதும் போக, நடுவில் சமமாகப் பறப்பது கொஞ்ச நேரம். அதற்குள் பணிப்பெண்கள் சாப்பாடு கொடுத்து, தேநீர் ஊற்றி, தட்டையும் வாங்கிவிட வேண்டும். நான் தேநீரை ஆறவிட்டுக் குடிக்கிற ஆள். பாதிக் கோப்பையில் கை நீட்டிவிடுவார்கள்.

போகும்போது இடப்பக்க ஜன்னலைக் கேளுங்கள். மேகம் இல்லாத நாளில் புத்தளம் களப்பும், பிறகு மன்னார்த் தீவும், அதற்கப்பால் மணல் திட்டுகளும் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. 1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் இந்திய நேரத்தைவிட முந்தி ஓடியது. பெரும்பகுதி அரை மணி நேரம். அப்போதைய டிக்கெட்டில் புறப்படும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால், போகும்போது ஒரு மணிக்கும் குறைவு, வரும்போது இரண்டு மணி!

எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் விமான நிலையம் இரத்மலானை. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம், ஒரு டி.சி.-3, அங்கிருந்துதான் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனது. இப்போது அந்த வசதி எங்களுக்கு இல்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு உண்டு. பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமானது. அங்கிருந்து சென்னை சுமார் 355 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழித் தூரமே நானூறுக்குக் கிட்ட வரும். ஆனால் அந்த வழியில் ஓடுவது காற்றாடி வைத்த சின்ன ஏ.டி.ஆர். விமானம். வேகம் குறைவு, ஆகவே பாதித் தூரமென்றாலும் நேரம் பாதியாகாது.

“கொழும்பு போய் அலையாதே, இங்கே வந்து ரெண்டு நாள் நின்றுவிட்டுப் போ” என்கிறார் இணுவிலில் இருக்கும் சித்தி. வீட்டிலிருந்து பலாலிக்கு ஓட்டோவிலேயே போய்விடலாமாம். யோசித்துப் பார்த்தேன், இரவு ரயிலில் யாழ்ப்பாணம் போய்ச் சேரும் நேரத்துக்குள் கட்டுநாயக்கவால் சென்னைக்கே போய் இறங்கிவிடலாம். சித்தி பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழுக்காகப் போனால்தான் கணக்கு சரிவரும்.